பல்லுக்கு ரசீது

சிரித்துக்கொண்டே வரவேற்கிற ஆஸ்பத்திரியைக் கண்டால் எனக்கு ஆகாது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் நான் முதலில் படியேறிய பல் ஆஸ்பத்திரியில், செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு பெண் ஓடிவந்து கதவைத் திறந்தாள். "வாங்கம்மா, உக்காருங்கம்மா, டீ சாப்பிடுறீங்களா?" என்றாள். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லாமல் வந்து நிற்கிறவளுக்கு எதற்கு டீ? அந்த டீயின் விலை பில்லில் எந்த வரியில் ஏறி உட்காரும் என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூலை நாற்காலியில் மஞ்சள்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் பிறக்கும்போதே இப்படிச் சந்தேகக்காரியாகப் பிறக்கவில்லை. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து இப்படி ஆனேன். சாக்கில் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருக்கும், தராசில் தூக்கி வைத்தால் நாற்பத்தேழுதான் காட்டும். மூன்று கிலோ எங்கே என்று கேட்டால், இறக்க வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துக்கொள்ளும். இந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கட்சி வந்தாலும் பள்ளிக்கூடச் சுவரில் படம் மாறியதே தவிர, மூட்டையின் எடை மாறவில்லை. அதனால் நான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பேன், எண்ணிப் பார்ப்பேன், உடைந்த முட்டையைத் தனியாக வைத்துக் காட்டி நோட்டில் கையெழுத்து வாங்குவேன். லாரிக்காரர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

பல் போனதற்குக் காரணம் சர்க்கரை. ஈறு வீங்கி இரண்டு பல் தானாக விழுந்தது, ஆடிக்கொண்டிருந்த இரண்டைப் பிடுங்கினார்கள். கழற்றி மாட்டுகிற செட் ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கட்டிக்கொண்டு நான் பாட்டுக்கு இருந்தேன். சாப்பிடும்போது கழற்றி டம்ளரில் போடுவேன், யாராவது வந்தால் மாட்டிக்கொள்வேன். எனக்கு அதுவே போதும். நிலத்து வழக்கு மட்டும் வந்திருக்காவிட்டால் நான் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

நிலம் ஐந்து மா. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. என் அப்பா ஒரு பெரிய பண்ணையில் கூலியாள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை ஒரு அறக்கட்டளையின் பெயரில் எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். ஊரில் கொடி பிடித்து, வயலில் இறங்கி, போலீஸ் வந்து, அப்பாவும் இன்னும் பலரும் உள்ளே போய் வந்த பிறகு, உழைத்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் குத்தகையாக விட்டார்கள். அப்படி வந்த ஐந்து மா அது. அப்பா இறந்தபோது என் தம்பி சிங்கப்பூரில் கூலி வேலையில் இருந்ததால், குத்தகைப் பதிவு என் பெயருக்கு வந்தது. தம்பி திரும்பி வந்து, இன்றுவரை அதில் பாடுபடுகிறான். அவன் குடும்பம் சாப்பிடுவதும் நான் சாப்பிடுவதும் அந்த ஐந்து மாவில்தான்.

புறவழிச்சாலைக்கு அளந்து கல் நட்டார்கள். எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரம். கல் நட்ட வருடமே அறக்கட்டளை எங்கள் மேல் வருவாய் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மூன்று வருடக் குத்தகை பாக்கியாம், அதனால் நிலத்தை விட்டு வெளியேற வேண்டுமாம். பாக்கி என்பது பச்சைப் பொய். ஒவ்வொரு வருடமும் சம்பா அறுப்பு முடிந்ததும் அறக்கட்டளையின் காரியஸ்தர் மோட்டார் சைக்கிளில் களத்துக்கே வந்து நிற்பார். நெல்லை அளந்து, மூட்டை கட்டி, அவர் பின்னால் வரும் டிராக்டரில் நாங்களே ஏற்றிவிடுவோம். அவர் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு போவார். ரசீது கொடுக்கும் வழக்கமில்லை. எங்கள் ஊரில் எந்தக் குத்தகைக்காரரிடம் கேட்டாலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

வாயால் சொல்வதைத் தவிர எங்களிடம் வேறு சாட்சியம் கிடையாது. அந்த வாயின் லட்சணத்தைத்தான் முதல் விசாரணையில் எல்லாரும் பார்த்தார்கள். நாகப்பட்டினத்தில், அதிகாரியின் முன்னால், எங்கள் வக்கீல் கேட்க நான் சொல்ல ஆரம்பித்தேன். "தை மாசத்துல" என்று தொடங்கியதுமே செட் நழுவியது. நாக்கால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினேன். "புரியலம்மா, திருப்பிச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. திருப்பிச் சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்போய், செட் வெளியே வந்து என் மடியில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். காரியஸ்தர் சிரிக்கவில்லை, கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அதிகாரி இரக்கப்பட்டு வாய்தா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொன்னேன், நிலையாக நிற்கிற பல் கட்டப்போகிறேன் என்று. சத்துணவில் ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கொடுத்த ஒரு லட்ச ரூபாய் பேங்கில் இருந்தது. என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

தம்பி சொன்னான்: "அக்கா, பாக்கின்னு அவன் போட்டிருக்கறது எண்பத்தஞ்சாயிரம். இந்தக் காசக் கட்டிட்டா கேஸ் அதோட முடிஞ்சிரும். நெலம் நிக்கும்."

"குடுத்த நெல்லுக்கு ரெண்டாந்தடவ காசா? அப்ப நாம பொய் சொன்னோம்னு ஆவும்டா."

"ஆவட்டும்க்கா. நெலம் இருக்குமுல்ல?"

"நாளைக்கு அடுத்த மூணு வருஷத்துக்கும் பாக்கின்னு வருவான். அப்ப எதக் கட்டுவ?"

எனக்கு அவன் சொன்னது தப்பென்று தோன்றவில்லை. ஆனாலும் அந்தக் கைக்குட்டை கண்ணிலேயே நின்றது. பணத்தைப் பல்லில் போட முடிவு செய்தேன்.

நாகப்பட்டினத்திலேயே பல் டாக்டர்கள் இருந்தார்கள். அங்கே போனால் யாராவது பார்த்துக் காரியஸ்தர் காதில் போடுவார்கள், இவளிடம் பணம் இருக்கிறது என்று அவர்கள் வக்கீல் பிடித்துக்கொள்வார் என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் தஞ்சாவூர். ஊரில் கேட்டவர்களிடம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

டீ கொடுக்க வந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வாயை அரை நிமிடம் பார்த்தார். தாடை எலும்பில் நான்கு திருகு இறக்கி, நான்கின் மேலும் பல் மாட்ட வேண்டும் என்றார். ஒன்றேமுக்கால் லட்சம், இன்றைக்கே முன்பணம் கட்டினால் ஒன்றரை. இன்றைக்கு ஒன்றரை என்றால் நாளைக்கு ஏன் ஒன்றேமுக்கால், ராத்திரியில் என் எலும்பு வளர்ந்துவிடுமா என்று கேட்டேன். அவர் வாட்சைப் பார்த்தார். இரண்டாவது இடத்தில் திருகே வேண்டாம், பக்கத்துப் பல் இரண்டையும் ராவி அதில் மாட்டிவிடலாம், முப்பதாயிரம் போதும் என்றார்கள். நல்ல பல்லை எதற்கு ராவ வேண்டும்? விலை குறைவாகச் சொல்கிறவரிடம் எனக்குச் சந்தேகம் இன்னும் அதிகம். எங்கேயோ எடை குறைகிறது என்றுதானே அர்த்தம்?

மூன்றாவது இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஏசி இல்லை, டீ இல்லை. டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். இரண்டு திருகு போதும், அதன் மேல் நான்கு பல்லும் பாலம்போல் நிற்கும், எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம் என்றாள். முதல் டாக்டர் நான்கு என்றாரே என்றேன்.

"நாலும் போடலாம்மா. உங்க எலும்புக்கு ரெண்டே தாங்கும். ஆனா முதல்ல சர்க்கரையக் குறைச்சுட்டு வாங்க. இப்ப நான் கை வைக்கமாட்டேன். வச்சா திருகு நிக்காது."

பணம் வேண்டாம், இரண்டு மாதம் கழித்து வா என்கிற டாக்டரை எந்த வழியில் சந்தேகப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமும் சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களி தின்றுகொண்டு அதையே யோசித்தேன். களிக்கு முன்பல் தேவையில்லை என்பது ஒரு வசதி. எங்கள் வக்கீலும் என் உடம்பைக் காரணம் காட்டி வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வாய்தாவிலும் எனக்குச் சந்தேகம், ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஐந்நூறு போய்க்கொண்டிருந்ததே.

சர்க்கரை இறங்கியது. திருகு இறக்குகிற நாளில், பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கண்முன்னால் பிரிக்க வேண்டும் என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள், ஆனால் பிரித்துக் காட்டினாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் இருந்தது திருகு, பீரோவில் போடுகிற திருகாணியை விடச் சின்னது. ஒரு திருகு இருபத்தைந்தாயிரம் ரூபாய், அதற்கு இதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டியின் மேல் இருந்த நம்பர் ஒட்டிய சீட்டை உரித்து என் அட்டையில் ஒட்டச் சொன்னேன். எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை வருடப் பொறுப்பு, ஆடினால் யார் செலவு என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"அம்மா, நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுல வேலை பாத்தீங்களா?" என்றாள்.

"சத்துணவுல."

அன்றிலிருந்து அவளும் உஷாரானாள். ஒவ்வொரு தடவையும் என் வாயைப் போட்டோ எடுத்தாள், தேதி போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினாள். நான் வழக்குப் போடுவேன் என்று அவளும், அவள் ஏமாற்றுவாள் என்று நானுமாக, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே ஐந்து மாதம் ஓட்டினோம். வேலை அதனால் படுசுத்தமாக நடந்தது.

கடைசித் தவணை கட்டும்போது, மேசையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "பில் வேணாம்னா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம்மா" என்றாள். ஐந்தாயிரம் எனக்குச் சின்னக் காசில்லை. இரண்டு மாத மருந்துச் செலவு அது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த காசு கொடுக்காத காசு. அதை என்னைவிட நன்றாக யார் படித்திருப்பார்கள்? பில் போடு என்றேன். முத்திரை சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை குத்தவும் வைத்தேன்.

பல் நன்றாக இருந்தது. இதில் மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, தை மாசத்துல, தை மாசத்துல என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி பார்த்துவிட்டு, "ரேடியோவுல நியூஸ் வாசிக்கலாம்க்கா நீ" என்றான். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் என்னைக் கிண்டல் செய்தான்.

மறுபடி விசாரணை வந்தது. எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன். எந்த மாதம், எத்தனை மூட்டை, வண்டியில் ஏற்றியது யார் யார். அதிகாரி ஒரு தடவைகூடத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே போனார். காரியஸ்தர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் கர்வம் ஏறியதை நான் மறைக்க மாட்டேன்.

பிறகு அவர்கள் வக்கீல் எழுந்தார். நல்ல மரியாதையான மனிதர். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மூணு வருஷமும் நெல்லு அளந்து குடுத்ததாச் சொல்றீங்க. ரசீது இருக்குங்களாம்மா?"

"இல்லை. அவங்க குடுக்கற வழக்கம் இல்லை."

"நீங்க கேட்டீங்களா?"

"வழக்கம் இல்லைன்னு சொன்னேனே."

"சரிங்கம்மா. சத்துணவுல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"முப்பது வருஷம்."

"அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் உங்க கைவழியாத்தான் போயிருக்கும். அங்கயும் இப்படித்தானா? ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது, எல்லாம் வாய்க்கணக்கு?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் சாப்பாட்டில் நான் கைவைத்தேன் என்கிறானா இவன்? முப்பது வருடம் லாரிக்காரனிடமும் மேலதிகாரியிடமும் சண்டை போட்டுச் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான்.

"யாரப் பாத்துக் கேக்கறீங்க?" என்றேன். "ஒத்த முட்டைக்குக் கூடக் கையெழுத்து இல்லாம நான் குடுத்ததும் இல்லை, வாங்கினதும் இல்லை. ரசீது இல்லாம ஒரு ரூபா யாருக்கும் குடுக்கறவ இல்லை நான். இதோ, இந்தப் பல்லு கட்டினேன். பில் வேணாம்னா அஞ்சாயிரம் குறைக்கறோம்னு சொன்னாங்க. அஞ்சாயிரம் போனாப் போகுதுன்னு ரசீது வாங்கினவ நான். வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்!"

தட்டச்சு ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் சாய்ந்து நின்ற தம்பி அப்படியே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"பல்லுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சுங்கம்மா?" என்று இன்னும் மரியாதையாகக் கேட்டார் வக்கீல்.

"தொண்ணூறாயிரம்."

"நன்றிங்கம்மா. வேற கேள்வி இல்லைங்க ஐயா."

அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதவள், மூன்று வருட நெல்லை ரசீது இல்லாமல் கொடுத்திருப்பாளா? பல்லுக்குத் தொண்ணூறாயிரம் வைத்திருந்தவள், பணம் இருந்தும் குத்தகை கட்டவில்லை என்றுதானே ஆகும்? அவர்கள் நிரூபிக்க வேண்டிய இரண்டையும் நானே எழுந்து நின்று நிரூபித்துவிட்டேன். எங்கள் வக்கீல் எழுந்து ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். அவர் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். தட்டச்சு செய்ததை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு வரி விடாமல் படித்தேன். எல்லாம் நான் சொன்னபடியே, ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது.

தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பாக்கியை ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று வந்தது. பேங்கில் மிஞ்சியிருந்ததும் தம்பி மனைவியின் சங்கிலியும் வளையலும் போய், வட்டிக்கும் வாங்கி, எண்பதாயிரம்வரை சேர்த்தோம். மீதி ஐந்தாயிரத்துக்கு அலையாத இடமில்லை. கடைசி நாள் மத்தியானம் கொண்டுபோய்க் கட்டினோம். நிலம் இப்போதைக்கு நிற்கிறது. சங்கிலி திரும்பவில்லை. தம்பி மனைவி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு மறக்காதது தீர்ப்பு வந்த நாள் இல்லை. சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பிய அன்றைக்கு, பஸ்ஸில் நானும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் கேட்டீர்களா என்று அந்த வக்கீல் கேட்டது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அது வழக்கமா? லாரிக்காரனை நிறுத்தி எடை போட்டவள், டாக்டரைப் பெட்டி பிரிக்க வைத்தவள், களத்தில் காரியஸ்தர் முன்னால் ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா? பல் எல்லாம் இருந்த காலத்திலும் திறக்கவில்லை. நான் சந்தேகப்பட்டதெல்லாம், சந்தேகப்பட்டால் எனக்கு ஒன்றும் ஆகாத இடத்தில்தான்.

பாதி வழியில் தம்பியின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "டாக்டர்கிட்ட ரசீது கேட்டா மொறைப்பாங்க, அவ்வளவுதான். காரியஸ்தர்கிட்ட கேட்டா அடுத்த போகத்துக்கு நம்ம வயல்ல வேற ஆளு நிப்பான். அதனாலதான்டா கேக்கல. பயந்துகிட்டுத்தான் கேக்கல."

தெளிவாகத்தான் சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இத அங்க சொல்லியிருந்தா, இதையும் டைப் அடிச்சிருப்பாங்கக்கா" என்றான் தம்பி.

கீழ்வேளூர் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.